விண்ணப்ப எண் 23-க்கு நான் இடாத பூஜ்யம்

அனுப்புநர்
வே. ஸ்ரீரஞ்சனி (வயது 46),
பள்ளி நூலகர்,
நோயாளிப் பிரதிநிதி, ஆய்வு விண்ணப்ப மதிப்பீட்டுக் குழு,
பழைய எண் 14, புதிய எண் 31, அப்பு முதலி தெரு,
மயிலாப்பூர், சென்னை 600 004.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
இதய, ரத்த ஓட்ட நோயாளர் ஆய்வு நிதிக் குழுமம்,
நந்தனம், சென்னை 600 035.

பொருள்: விண்ணப்ப எண் 23 – மதிப்பீட்டின்போது வெளியே அமர்த்தப்பட்ட எனது பெயரில் பூஜ்யம் பதிவானது – விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது – இறுதி ஆணைக்கு முன் பதிவைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. குழுவின் 9.7.2025 கூட்டக் குறிப்பு. 2. உறுப்பினர் செயலருக்கு எனது கடிதம், நாள் 29.9.2025. 3. அவரது பதில், நாள் 17.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் குழுமத்துக்கு வரும் ஆய்வு விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவில் ஆறு மருத்துவ நிபுணர்களும், நோயாளிகளின் சார்பில் ஒருவரும் உள்ளனர். அந்த ஒருவர் நான். 2013ஆம் ஆண்டு எனக்கு இதய அறுவை சிகிச்சை நடந்து, உலோக வால்வு பொருத்தப்பட்டது. அந்தத் தகுதியில்தான் என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள். மருத்துவம் நான் படித்ததில்லை. ஓர் ஆய்வு நோயாளியின் வாழ்க்கைக்குப் பொருந்துமா என்று பார்த்துப் பத்துக்கு ஒரு மதிப்பெண் இடுவது மட்டுமே என் வேலை.

2. விண்ணப்ப எண் 23, நகரின் ஓர் அரசு மருத்துவமனையில் பணிபுரியும் டாக்டர் ஜஹனாரா அவர்களுடையது. உலோக வால்வு உள்ளவர்கள், அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரையின் அளவு கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் அடைப்பு. அளவைச் சரிபார்க்க மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். என்னும் ரத்தச் சோதனை அவசியம். ஆற்றங்கரைகளிலிருந்து நகரின் எல்லையிலுள்ள பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் இத்தகைய நோயாளிகள் 61 பேர் இருப்பதாகவும், பலர் சோதனைக்கு வருவதை விட்டுவிட்டதாகவும் விண்ணப்பம் கூறியது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அங்கேயே அளவு சொல்லும் சிறு கருவியைக் குடியிருப்புக்குள் வைத்தால் என்ன மாறும் என்று இரண்டு ஆண்டுகள் பார்ப்பதே ஆய்வு.

3. கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் அந்த விண்ணப்பத்தைப் படித்தேன். என் படிவத்தில் பென்சிலால் 9 என்று எழுதினேன். அதன்பின் கடைசிப் பின்னிணைப்பைப் புரட்டியபோது "நோயாளி ஆலோசகர்" என்ற தலைப்பின் கீழ் ரத்னாவின் பெயரைக் கண்டேன். அந்த 61 பேரில் அவரும் ஒருவர்; மற்றவர்களை ரேஷன் கடை வரிசையில் நின்று விசாரித்துக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அவரது வாக்குமூலம் அவர் பேசிய விதமாகவே அச்சாகியிருந்தது. அதைத் தாங்களும் படிக்க வேண்டும் என்பதால் இங்கே தருகிறேன்: "காத்தால அஞ்சு மணிக்கு பஸ்ஸு புடிச்சா ரத்தம் குடுக்க ஒம்பது. ரிசல்ட்டு ரெண்டு மணிக்கு. டாக்டர பாத்துட்டு வூட்டுக்கு வர ஆறாவுது. அன்னிக்கு வேல போச்சு. மாசாமாசம் லீவு போட்டா எந்த வூட்டுக்காரம்மா வெச்சிப்பாங்க? மாத்திரதான் முழுங்கிக்கினு கீறனே, டெஸ்ட்டு இன்னாத்துக்குன்னு வுட்டுட்டேன்."

4. ரத்னாவை எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும். 2013இல் நாங்கள் இருவரும் ஒரே வார்டில் பதினெட்டு நாட்கள் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தோம். அப்போது அவர் சைதாப்பேட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார். அடையாறில் இரண்டு வீடுகளில் வேலை செய்தார். உலோக வால்வு திறந்து மூடும் ஒலி, அமைதியான அறையில் கடிகாரத்தின் ஒலி போலக் கேட்கும். "இன்னாக்கா, உங்களுது ஃபாஸ்ட்டா ஓடுது, என்னுது ஸ்லோவு. யாருது ரைட் டைமு?" என்று கேட்டு, தையல் பிரியும் என்று நர்ஸ் திட்டும் அளவுக்குச் சிரிக்க வைத்தவர். பிறகு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சோதனைக் கூடத்தின் வரிசையில் சந்திப்போம். 2017இல் அவர் குடும்பம் பெரும்பாக்கத்துக்குப் போனபின் தொலைபேசியில் மட்டும். இந்த ஆய்வில் அவர் ஈடுபட்டிருப்பது பின்னிணைப்பைப் பார்க்கும் வரை எனக்குத் தெரியாது.

5. குழு விதிகளின்படி உறவினர், மாணவர், உடன் பணியாற்றுபவர் ஆகியோரின் விண்ணப்பம் வந்தால் மட்டுமே உறுப்பினர் விலக வேண்டும். பக்கத்துக் கட்டில்காரர் அந்தப் பட்டியலில் இல்லை. என்னை யாரும் விலகச் சொல்லவுமில்லை. கூட்டத்தில் எண் 23 வந்தபோது நானாகத்தான் எழுந்து, இதில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார் என்றேன். அது நேர்மை என்றுதான் அன்று நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்க்கையில், காலையிலிருந்து என் கருத்துகள் "நன்றி மேடம்" என்ற இரண்டே சொற்களோடு கடந்துபோனது எனக்கு உறுத்தியிருந்தது என்பதும், விதிகளை மற்றவர்களைவிடக் கவனமாகப் பின்பற்றுபவள் என்று காட்டிக்கொள்ளும் ஆசை என்னிடம் இருந்தது என்பதும் தெரிகிறது. இதை மறைத்துவிட்டு மற்றவர்கள்மீது மட்டும் புகார் சொல்ல என்னால் இயலவில்லை.

6. உறுப்பினர் செயலர் திரு. வெங்கடரமணன், "ரொம்பச் சரி மேடம். ஒரு அஞ்சு நிமிஷம் வெளியில உக்காந்துக்கோங்கோ, காபி அனுப்பறேன்" என்றார். இருபத்தைந்து நிமிடங்கள் நடைவழியில் அமர்ந்திருந்தேன். அங்கே என் வால்வின் ஒலி நன்றாகக் கேட்டது. விலகியவர் மதிப்பெண் இடக்கூடாது என்று எண்ணி, அந்த நேரத்தில் படிவத்திலிருந்த 9ஐ அழிப்பானால் அழித்தேன். அழித்த தடம் இணைப்பு 1இல் இன்னும் தெரியும். கட்டத்தைக் காலியாக விட்டுப் படிவத்தை ஒப்படைத்தேன்.

7. அந்தக் காலிக் கட்டம் பூஜ்யமாகப் பதிவாகியிருக்கிறது. மற்ற ஆறு பேர் இட்டவை 8, 7, 8, 7, 8, 7. ஆறு பேருக்குச் சராசரி 7.5. என் பூஜ்யத்தைச் சேர்த்து ஏழால் வகுத்தால் 6.43. தேர்வுக்குத் தேவை 7. டாக்டர் ஜஹனாராவுக்கு ஆகஸ்ட் முதல் வாரம் சென்ற கடிதத்தில், "தகுதி அடிப்படையில் நிராகரிக்கப்பட்டது. நோயாளிப் பிரதிநிதியின் மதிப்பெண்: 0" என்று உள்ளது. தகுதி அடிப்படையில் நிராகரிக்கப்பட்டவர் இரண்டு ஆண்டுகளுக்கு மீண்டும் விண்ணப்பிக்க முடியாது.

8. இவை எதுவும் எனக்குத் தெரியாத நிலையில், ஆகஸ்ட் 10 அன்று ரத்னா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்தார். பிறகு, "நம்ம பேப்பர் ஃபெயிலாயிடுச்சிக்கா. நம்மள மாரி பேஷண்ட்டு ஒருத்தங்களே சைபர் போட்டுக்கிறாங்களாம். எதுக்குக்கா அப்பிடி?" என்று கேட்டார். அவர் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று எண்ணினேன். குழுவில் நடப்பதை வெளியில் பேசக்கூடாது என்று நான் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறேன். அதனால், "அதப் பத்தி நான் பேசக்கூடாது ரத்னா" என்றேன். "செரிக்கா, வுடுங்க. ஒடம்ப பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அதுவே நாங்கள் கடைசியாகப் பேசியது.

9. செப்டம்பர் 3 அன்று கூட்டக் குறிப்பு மின்னஞ்சலில் வந்தது. நாற்பத்திரண்டு பக்கங்கள். மதிப்பெண் பட்டியல் 38ஆம் பக்கத்தில். நான் முதல் நான்கு பக்கங்களைப் படித்துவிட்டுக் கையொப்பமிட்டு அனுப்பினேன். புத்தகங்களுக்கு நடுவே வேலை செய்பவள், படிக்காமல் கையொப்பமிட்டேன்.

10. செப்டம்பர் 14, ஞாயிறு காலை, ரத்னா மூச்சுத்திணறி, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில் இறந்தார். வயது 41. வால்வில் ரத்தம் உறைந்து அது அசையாமல் நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கூறினர். அவர் கடைசியாகச் சோதனை செய்துகொண்டது ஏப்ரலில். ஆய்வுக்கு ஒப்புதல் கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஒப்புதல் கிடைத்திருந்தாலும் அடுத்த ஜனவரியில்தான் முதல் கருவி அங்கே போயிருக்கும். இதைத் தாங்கள் சுட்டிக்காட்டுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

11. ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் மகள் நிஷா, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவர், ஐ.என்.ஆர். அளவுகளைக் குறிக்கும் ரத்னாவின் சோதனைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அதற்குள் குழுமத்தின் நிராகரிப்புக் கடிதத்தின் நகல் நான்காக மடிக்கப்பட்டு இருந்தது. ஆங்கிலக் கடிதத்தைத் தாய்க்குப் படித்துச் சொன்னவர் நிஷா. உறுப்பினர் பட்டியலைக் குழுமத்தின் இணையதளத்தில் பார்த்தவரும் அவரே. "அம்மா ஃபோன் பண்ணப்பவே சைபர் போட்டது நீங்கதான்னு அதுக்குத் தெரியும் ஆன்ட்டி. நீங்களே சொல்லுவீங்கன்னு வெய்ட் பண்ணுச்சி" என்றார். குரலில் கோபம் இல்லை. அந்தப் பூஜ்யம் என் பெயரில் இருப்பதை நான் அறிந்தது அப்போதுதான்.

12. அன்று மாலையே 38ஆம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதில் வேறொன்றும் கண்டேன். அதே கூட்டத்தில், விண்ணப்ப எண் 11 தன் மாணவருடையது என்று நிபுணர் ஒருவர் வெளியே சென்றார். அவர் பெயருக்கு எதிரே "விலகல்" என்று பதிவாகி, மொத்தம் ஆறால் வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த விண்ணப்பம் தேர்வாகியுள்ளது. நிபுணர்களுக்கான படிவத்தில் "விலகல்" என்று ஒரு கட்டம் அச்சிடப்பட்டிருக்கிறது. நோயாளிப் பிரதிநிதிக்கான படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

13. இதை எழுதிக் கேட்டதற்கு உறுப்பினர் செயலர் அனுப்பிய பதில்: காலிக் கட்டங்களைக் கணினி பூஜ்யமாகவே கொள்ளும், கூட்டக் குறிப்பில் தாங்கள் கையொப்பமிட்டுள்ளதால் மாற்ற இயலாது. தொலைபேசியிலும் பேசினேன். "உள்நோக்கம் எதுவும் இல்லை மேடம். பேஷண்ட் சைடுல ஒருத்தர் எழுந்து வெளியில போவார்னு யாரும் நெனச்சுப் பாக்கல, அவ்ளோதான்" என்றார். அவர் சொன்னது உண்மை என்றே நம்புகிறேன். என் புகாரும் அதுவே. நோயாளிக்கு மற்ற நோயாளிகளைத் தெரிந்திருக்கும், அவளுக்கும் ஒரு மனசாட்சி இருக்கும் என்று படிவம் அச்சிட்டவர்களுக்குத் தோன்றவில்லை.

14. தேர்வானவர்களின் இறுதி ஆணை நவம்பர் 28 அன்று வெளியாகும் என அறிகிறேன். அதற்குமுன் தங்களிடம் நான் வேண்டுவது:

(அ) விண்ணப்ப எண் 23இல் என் பெயருக்கு எதிரே உள்ள பூஜ்யத்தை நீக்கி "விலகல்" எனப் பதிய வேண்டும். நான் அழித்த 9ஐச் சேர்க்கும்படி கேட்கவில்லை.

(ஆ) எண் 11க்குச் செய்ததுபோலவே ஆறால் வகுத்து, அந்த விண்ணப்பத்தை இறுதிப் பட்டியலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்னா போக, அங்கே அறுபது பேர் இருக்கிறார்கள்.

(இ) படிக்காமல் கையொப்பமிட்டதற்காக என்மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன். குழுவில் நடந்ததை இம்மனுவில் எழுதியதற்கும் அவ்வாறே. அதைக் காரணம் காட்டி அந்த அறுபது பேரைக் காக்க வைக்க வேண்டாம்.

(ஈ) நோயாளிப் பிரதிநிதி பூஜ்யம் இடவில்லை என்பதைக் குழுமத்தின் கடிதத்தாளில் எழுதி டாக்டர் ஜஹனாராவுக்கும், நகலை நிஷாவுக்கும் அனுப்ப வேண்டும். நான் நேரில் சொல்லிவிட்டேன். "செரி ஆன்ட்டி" என்றார். ஆனால் அவர் கையில் இருக்கும் காகிதத்தில் 0 என்றுதான் இருக்கிறது. அது இன்னொரு காகிதத்தால்தான் மாறும்.

15. இணைப்பு 4 ரத்னாவின் சோதனைப் புத்தகம். 2013 முதல் 2017 வரை ஒரு மாதம்கூட விடுபடவில்லை. வீடு மாறிய பிறகு காலிக் கட்டங்கள் தொடங்குகின்றன. அவற்றின் ஓரத்தில் "மருந்தில் ஒழுங்கில்லை" என்று மருத்துவமனையில் யாரோ சிவப்பு மையால் எழுதியிருக்கிறார்கள். ஒருநாளும் அவர் மாத்திரையை விட்டதில்லை என்று நிஷா சொல்கிறார். தாங்கள் அந்தப் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

பார்த்தபின், மற்ற இணைப்புகளைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தை மட்டும் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டுகிறேன். அதில் ரத்னாவின் கையெழுத்து ஒவ்வொரு வருகைக்கும் ஒன்றாக இருக்கிறது. மகளிடம் அவர் கையெழுத்தாக வேறு எதுவும் இல்லை.

தங்கள் பதிலுக்காக 28ஆம் தேதி வரை காத்திருப்பேன்.

உண்மையுடன்,
(ஒப்பம்) வே. ஸ்ரீரஞ்சனி

இடம்: சென்னை
நாள்: 3.11.2025

இணைப்புகள்: 1. எனது மதிப்பெண் படிவத்தின் நகல். 2. கூட்டக் குறிப்பு, பக்கம் 38. 3. நிராகரிப்புக் கடிதத்தின் நகல் (நிஷாவிடம் உள்ள தாளிலிருந்து எடுத்தது, மடிப்புத் தடங்களுடன்). 4. ரத்னாவின் சோதனைப் புத்தகம், அசல்.