மாடிவீட்டுப் பருப்பு

ராமத் கான், இஸ்ரேல்
தம்மூஸ் மாதம், புதன்கிழமை

மகன் நிசீமுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கவில்லை. தகப்பனைப் பறிகொடுத்தவனுக்கு ஓராண்டு வரை யாரும் முகமன் கூறுவதில்லை. அது நம் யூத வழக்கம். உனக்கு மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். கோபத்தால் என்று நினைத்துவிடாதே. கோபமும் இருக்கிறது, அது வேறு.

இன்று காலை ஏழு நாள் துக்கம் முடிந்து தரையை விட்டு எழுந்தோம். வழக்கப்படி நானும் உன் அக்கா டெய்ஸியும் சலீம் சித்தப்பாவும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தோம். கண்ணாடிகளை மூடியிருந்த துணிகளை டெய்ஸி எடுத்து மடித்தாள். என் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் அப்பா வலியில்லாமல் போனார். அடக்கமும் குறையில்லாமல் நடந்தது. வெயில் கொடுமையாக இருந்தும் கூட்டம் வந்தது. அதையெல்லாம் டெய்ஸி போனில் சொல்லிவிட்டாள். அவள் சொல்லாதது சாப்பாட்டைப் பற்றி.

வியாழக்கிழமை கல்லறையிலிருந்து திரும்பிப் படியேறும்போதே கிரேவி வாடை அடித்தது. வீட்டுக்குள் மேசை தெரியவில்லை. அலுமினியத் தட்டுகளாக அடுக்கியிருந்தார்கள். பிளாஸ்டிக் மூடிகளின் உட்புறம் ஆவி வியர்த்து, சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. துக்க வீட்டில் முழுதாக வைக்க வேண்டிய முட்டைகளைப் பாதியாக வெட்டி, மஞ்சள் கருவைப் பூப்போலப் பிழிந்து வைத்திருந்தார்கள். துக்கத்துக்கான பருப்பின் மேல் கொத்தமல்லி அலங்காரம். எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்பான நாடா, அதில் அச்சடித்த எழுத்து: ‘ஆறுதலுடன், நிசீம், டொராண்டோ.’ கல்யாண மண்டபத்துக்குச் சமைக்கிறவர்களிடம் நீ போனில் சொல்லியிருக்கிறாய். அவர்களுக்குத் தெரிந்தபடி செய்துவிட்டார்கள்.

எனக்கு அது கல்யாண விருந்து போலத் தெரிந்தது. என்றாலும் நீ அனுப்பியது என்று பேசாமல் தரையில் உட்கார்ந்தேன். டெய்ஸி ஒரு மூடியைத் திறக்கப் போனாள். சலீம் சித்தப்பா கையை நீட்டித் தடுத்தார்.

“வையிம்மா அதை. அடக்கம் முடிஞ்ச முதல் வேளை நம்ம சோத்தை நாம திங்கக் கூடாது.”

இது நம் சோறு இல்லையே, நிசீம் அனுப்பியதுதானே என்றாள் டெய்ஸி. அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நிசீம் யாரு? செத்தவனோட மகன். அவனும் நம்மள மாதிரி துக்கக்காரன். அவன் காசுல வந்தா அது துக்க வீட்டுச் சோறு. மத்தவங்க கொண்டு வந்து குடுக்கணும்.”

டெய்ஸி கையை எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் கல்லறையில் இருந்தபோது உன் வேன் வந்து நின்றிருக்கிறது. இரண்டு ஆட்கள் தட்டுகளைச் சுமந்து படியேறுவதை அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மகன் இவ்வளவு அனுப்பியிருக்கிறான், நாம் எதற்கு என்று அவரவர் சட்டியை மூடிவிட்டார்கள். ஹோலோன் ஊரில் உன் சித்தி அடுப்பில் பருப்பை ஏற்றியிருந்தாளாம். விஷயம் கேள்விப்பட்டு அணைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். வீடு நிறையச் சாப்பாடு, வாயில் வைக்க ஒரு கவளம் இல்லை. சித்தப்பா சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறவர். அவர் உதடு வெளுக்கத் தொடங்கியது. சித்தி யார் வீட்டுக்காவது ஓடலாம் என்று எழுந்தாள்.

அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் மாடிவீட்டு ரெய்ஸல்.

போலந்துக்காரி ரெய்ஸலை உனக்குத் தெரியும். சின்ன வயதில் அவள் வாசலைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாய். நான்தான் பழக்கினேன். கன்றுக்காலை அடுப்பு நெருப்பில் வாட்டுவாள், மயிர் கருகும் வாடை நம் படுக்கையறை வரை இறங்கும். அதைப் பூண்டோடு வேகவைத்து ஒரு பேசினில் ஊற்றி, ஆறுவதற்கு மாடிப்படி ஜன்னலில் வைப்பாள். கட்டிப்பட்ட சளி போல அது நடுங்கிக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே அவள் பூனை உட்கார்ந்திருக்கும். மீனில் சர்க்கரை போடுகிறவள். மீனில், நிசீம். கரண்டியால் எடுத்து ருசி பார்த்துவிட்டு அதே எச்சில் கரண்டியைச் சட்டிக்குள் விடுவாள். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவளும் என்னை விடமாட்டாள். உன் வீட்டில் சாப்பிட்டால் பல்லெல்லாம் மஞ்சளாகிவிடும், பாக்தாத்திலிருந்து வந்த நீங்கள் கோழியைச் சமைப்பதில்லை, சாயம் போடுகிறீர்கள் என்பாள்.

உன் அப்பா மட்டும் அவள் கொடுத்ததை வாங்கிச் சாப்பிடுவார். “கொண்டு வந்தவ முன்னாடி மூஞ்சியச் சுளிக்காதடி” என்று என்னை அதட்டுவார். வாயைக் கொப்பளித்துவிட்டுப் பக்கத்தில் வாருங்கள் என்பேன் நான்.

அவள் கையில் ஒரு சட்டி, அதன் மேல் பழைய துண்டு. துண்டில் பூனை மயிர் ஒட்டியிருந்தது. மேசையைப் பார்த்தாள். உன் நாடாவைப் படித்தாள். வேனைத் தானும் பார்த்ததாகவும், பார்த்த பிறகுதான் அடுப்பையே பற்றவைத்ததாகவும் சொன்னாள். தட்டுகளை முழங்கையால் ஒதுக்கிவிட்டுச் சட்டியை வைத்தாள்.

“அது ஒன் புள்ள சாப்பாடு. இதுதான் அந்நியச் சாப்பாடு. தின்னு.”

எல்லோருக்கும் கிண்ணத்தில் ஊற்றினாள். சித்தப்பா ஒரே மூச்சில் குடித்தார். நான் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பருப்பு வெந்து கூழாகி, சாம்பல் நிறத்தில் இருந்தது. சீரகம் இல்லை, மஞ்சள் இல்லை. ஒரு வாய் எடுத்தேன். இனித்தது. பருப்பிலும் சர்க்கரை போட்டிருந்தாள். தொண்டையிலிருந்து எதிர்த்து வந்தது, விழுங்கினேன்.

துக்கக்காரி முட்டையைத் தானே உரிக்கக்கூடாது. ஆகவே அவள் என் எதிரில் தரையில் உட்கார்ந்து உரித்தாள். அவள் நகங்களைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு ஓட்டுத் துண்டாக எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். முட்டையின் வெள்ளையில் அவள் விரல் ரேகை பதிந்தது. எனக்கு வேண்டாம், பசியில்லை என்றேன். அவள் முட்டையை என் வாய்க்கு நேரே பிடித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“எங்க ஆளுங்க எந்தத் தேதியில போனாங்கன்னே எனக்குத் தெரியாது, நஜிமா. யுத்தத்துல, போலந்துல மொத்தமாப் போயிட்டாங்க. எனக்கு யாரும் முட்டை உரிச்சதில்ல. நீயாவது தின்னுத் தொலை.”

வாயைத் திறந்தேன். உப்பில்லாத முட்டை, அவள் கையின் வெங்காய வாடையோடு உள்ளே போனது. முழுவதையும் தின்றேன். பாதியில் அழுகை வந்தது. அதுவரை எனக்கு வரவில்லை, கல்லறையில்கூட வரவில்லை. அவள் உடனே முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சட்டியை நாளைக்குக் கழுவாமலே கொடுத்தால் போதும், உன் சோப்பு வாடை எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

மறுநாள் நீ போன் செய்தாய். சாப்பாடு நல்லா இருந்துச்சா என்று கேட்டாய். அதுதான் உன் முதல் கேள்வி. டெய்ஸி இருந்தது என்று சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்தாள். நீ என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். வேலை முடிந்து வரும்போது சாண்ட்விச் ஒன்று வாங்கினேன், காரிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்றாய். வேலை முடிந்து. துக்கத்தின் ஏழு நாளும் வேலைக்குப் போகக்கூடாது என்பதுகூட உனக்கு மறந்துவிட்டது. கையில் கிண்ணம் இல்லை என்றாலும் அந்தச் சர்க்கரைப் பருப்பு மறுபடி தொண்டைக்கு வந்தது போல இருந்தது.

உன் தட்டுகளைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். இரண்டாம் வேளையிலிருந்து சாப்பிடலாம் என்று சித்தப்பா சொன்னார். வந்தவர்களில் சிலர் சாப்பிட்டார்கள். எனக்குக் கை போகவில்லை. சனிக்கிழமை முடிவதற்குள் வெயிலில் மூடிகள் உப்பிவிட்டன. பிழிந்து வைத்த மஞ்சள் கருவில் பச்சை படர்ந்தது. நாற்றம் தாங்காமல் டெய்ஸி மூக்கில் துணி கட்டிக்கொண்டு கொண்டுபோய்க் கொட்டினாள். ரெய்ஸலின் பூனை அதை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிட்டதாம். நாடாவை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன். உன் பெயர் இருக்கிறதே, குப்பையில் போட முடியவில்லை.

நீ தனியாக எப்படி இருக்கிறாய் என்பதுதான் இப்போது என் கவலை. துக்கத்துக்குச் சட்டையைக் கிழித்துக்கொண்டாயா? தரையில் ஒரு நாளாவது உட்கார்ந்தாயா? அப்பா இறந்துவிட்டார் என்று அங்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னாயா? சொல்லியிருந்தால் எவளாவது ஒருத்தி ஒரு முட்டை அவித்துக் கொண்டுவந்திருப்பாள். அடுத்த வீட்டுக் கதவுகளைத் தட்டாமலேயே அங்கே இத்தனை வருடம் இருந்துவிட்டாய் போலிருக்கிறது.

முப்பதாம் நாள் கல்லறைக்குப் போவோம். அதற்காவது வா. விடுப்பு கேட்பதற்குக் காரணம் சொல்ல வெட்கப்படாதே.

நீ வந்தால் உனக்கு முதல் வேளையை நான் சமைக்க முடியாது, டெய்ஸியும் முடியாது. சித்தப்பாவிடம் கேட்டேன். அதற்கெல்லாம் நாள் கடந்துவிட்டது, இனி எதைச் சாப்பிட்டாலும் குற்றமில்லை என்றார். எனக்கு மனம் ஒப்பாமல் மாடிக்குப் போய் ரெய்ஸலைக் கேட்டேன். அவள் கரண்டியை நக்கிக்கொண்டே சொன்னாள்: “துக்கத்துக்கு நாள் கணக்கெல்லாம் சொல்றவன் சொல்லட்டும். புள்ள வரட்டும். நான் உரிச்சுத் தரேன்.” சொல்லிவிட்டுக் கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள்.

துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் போகும்போது சொல்லும் வாழ்த்தை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானே எழுதுகிறேன். சீயோனுக்காக அழுகிற எல்லோரோடும் சேர்த்து, எங்கும் நிறைந்தவர் உன்னையும் தேற்றட்டும்.

பருப்பில் சர்க்கரை இருக்கும். முகத்தைச் சுளிக்காதே.

அம்மா