ஆறாவது ஓவியம்

அன்புள்ள அப்பாவுக்கு, நமஸ்காரம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இடது கையால் எழுதுகிறேன், கோணலுக்குக் கோபிக்காதீர்கள்.

கரோல் பாக் மாடியில் நான் கேன்வாஸில் பெயிண்டை அப்பி, காய்ந்ததும் தகட்டால் சுரண்டுவேன் அல்லவா? அந்தச் சத்தம் பொறுக்காமல் செவ்வாய்க்கிழமை கீழ்வீட்டுக்காரர் இரும்புக் கம்பியோடு ஏறி வந்துவிட்டார். கண்காட்சிக்கு வைத்திருந்த ஐந்து ஓவியங்களைக் குத்திக் கிழித்தார். ஆறாவதை மறைத்து நின்றேன். கம்பி என் வலது மணிக்கட்டைக் கிழித்து இறங்கியது. கையில் கிடைத்த சிவப்பு பெயிண்ட் டப்பாவை அவர் முகத்தில் வீசினேன். அலறியபடி படிகளில் உருண்டார்.

போலீஸ்காரர் வந்து சுவரைப் பார்த்து, "அச்சா, இதில் எது பெயிண்ட், எது ரத்தம்?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. நினைத்தால் இப்போது சிரிப்பாக வருகிறது. கீழ்வீட்டுக்காரரைக் கைது செய்துவிட்டார்கள். ஆறாவது ஓவியம் மட்டும் வெள்ளிக்கிழமை கண்காட்சிக்குப் போகிறது. அதில் தெறித்ததை நான் துடைக்கவில்லை.

எலும்பில் விரிசல்தான், ஆறு வாரத்தில் கூடிவிடுமாம். தூரிகை துடைக்க உங்கள் பழைய வேட்டி இரண்டு அனுப்புங்கள். முடிந்தால் அம்மாவையும் அனுப்புங்கள். ஒரு கையால் தலை பின்ன முடியவில்லை.

ஆட்டோ வந்துவிட்டது, கட்டு மாற்றப் போகிறேன்.

உங்கள் மகள்,
அம்சவேணி