உன் இடது கையால் என் காதைத் தொடு

18 பிப்ரவரி 1997
குத்தாலம். பள்ளியின் பின்புற அறை. இன்று ஒன்பது பிள்ளைகள், எல்லோரும் எட்டாம் வகுப்பு, எல்லோரும் வாசிக்கத் திணறுகிறவர்கள் என்று ஆசிரியர்கள் பொறுக்கித் தந்தவர்கள். முதலில் வாசிப்புச் சோதனை. பிறகு உடலறிவுச் சோதனை: திரைக்குப் பின்னால் நான் தொட்ட விரல் எது, என் வலது கை எது, உன் இடது கையால் என் வலது காதைத் தொடு. இருபது கேள்விகள். பதினைந்துக்குக் கீழே போனால் தவறியதாகக் கணக்கு.

எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்குத் தன் உடம்பைப் பற்றிய வரைபடமும் மனதில் குழம்பியிருக்கும். இது துரைராசு சாரின் கருத்து. நான் அவருடைய எம்.ஃபில். மாணவி. ஆகவே என்னுடையதும்.

ஒன்பதில் ஏழு பேர் தவறினார்கள். இவ்வளவு கீழ்ப்படிதலுள்ள எண்களை நான் பார்த்ததில்லை.

19 பிப்ரவரி
யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்களா?

தலைமையாசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். "நல்லா வருதுங்களா மேடம்?" நல்லா என்றால்? தவறுவதற்குக்கூடப் பயிற்சி கொடுப்பார்களா? திட்டம், மானியம் என்று காதில் விழுந்திருந்தால் கொடுப்பார்கள்.

அல்லது சார் எனக்குக் கொடுத்த மதிப்பெண் முறையிலேயே ஏதாவது இருக்கிறதா. தஞ்சாவூர் கான்வென்டில் போன மாதம் நாற்பது பிள்ளைகளைப் பார்த்தேன். ஒருத்திகூடத் தவறவில்லை. அதுவும் உறுத்துகிறது.

20 பிப்ரவரி
ஹஃப்ஸாவின் அம்மா பள்ளிக்கு வந்திருந்தார். நஃபீசா. ஹஃப்ஸா முந்தாநாளைய ஏழு பேரில் ஒருத்தி, பதிமூன்று வயது, இருபதுக்குப் பதினொன்று. அப்பா இப்ராஹிம் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்.

"ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க டீச்சர். மூளையில கோளாறா, இல்ல வெறும் சோம்பேறித்தனமான்னு. மூளைன்னா எட்டாவதோட நிறுத்திடலாம்ங்கிறாங்க அவ அத்தா. வாராவாரம் போன்ல இதே பேச்சுதான்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் நினைச்சு என்னங்க ஆவப்போவுது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இங்கே குறித்து வைக்கிறேன். நிறுத்தத்தான் வேண்டுமோ இவருக்கும்?

துறையின் தலைப்புத் தாளில் எழுதிக் கொடுத்தேன். 'வாசிப்பு, உடலறிவு இரண்டிலும் குறைபாடு. இரண்டாம் வகை. சாதாரணப் பள்ளிப் பயிற்சியால் முன்னேற்றம் எதிர்பார்ப்பதற்கில்லை.' சாரின் வாக்கியம். கையெழுத்து என்னுடையது.

27 பிப்ரவரி
பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது அவர்கள் தெரு. வாசற்படியில் ஹஃப்ஸா அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். வலது கை எறிகிறது, இடது கை அள்ளுகிறது. மாற்றி, இடது எறிகிறது, வலது அள்ளுகிறது. பார்க்காமலே. எதிரில் இருந்தவளிடம், "போடி, ஒனக்குக் கையா அது, அகப்பை" என்றாள். என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

எனக்கு முன்னால் மட்டும் இடம் வலம் தெரியாத பிள்ளை.

ஏன் நடிக்க வேண்டும்? படிப்பு கசந்துவிட்டதா? வீட்டில் புதிதாகக் கேபிள் டிவி. ஷார்ஜாவில் ஒரு அத்தை மகன் வேறு இருக்கிறானாம். எல்லாம் பொருந்துகிறது. சந்தேகத்துக்கு எதுவும் பொருந்தும்.

3 மார்ச்
ஹஃப்ஸாவுக்கு மறுபடி சோதனை. இம்முறை மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். 'உன் இடது கையால் என் வலது காதைத் தொடு.' இடது கை ஒரு விரற்கடை எழுந்தது. பிறகு தொடைக்கு அடியில் போய்விட்டது. வலது கை வந்து தொட்டது.

தெரிந்தே செய்கிறாள்! எனக்குக் கோபம்.

"வேணும்னேதானே தப்பாப் பண்றே?"

தொடைக்கு அடியிலிருந்த கையை இன்னும் உள்ளே தள்ளினாள்.

"ஒங்கம்மா சொல்லிக் குடுத்தாங்களா?"

அதற்குத்தான் பொங்கினாள். "எங்கம்மாவ ஏன் இழுக்குறீங்க? நீங்கதான் தொடச் சொல்றீங்க. பீச்சாங்கையால போயி டீச்சர் மூஞ்சியத் தொடுவாங்களா? எங்கம்மா பாத்தா கைய முறிச்சுப்புடும்."

"அப்ப ஏன் சோத்துக்கையால தொட்டே?"

"சும்மா இருந்தா நீங்க கோவிச்சுக்குவீங்கள்ல."

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

4 மார்ச்
பேருந்தில் சில்லறை இடது கையில் இருந்தது. வலது கையில் பை. பையை மடியில் வைத்து, காசை வலது கைக்கு மாற்றி, நடத்துநரிடம் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் கவனித்தேன்.

இருபத்து நான்கு வருஷமாகச் செய்கிறேன். என் அம்மாவும் புறங்கையில் அடித்துத்தான் பழக்கினாள். பள்ளிவாசலுக்கோ கோவிலுக்கோ போகிறவர்களின் பழக்கம் மட்டும் இல்லை இது, எங்கள் மாதா கோவில் வீடுகளிலும் இதேதான். சோதனைத் தாளைக் கையில் எடுத்ததும் நான் எந்த ஊர்க்காரி ஆகிவிடுகிறேன்?

கான்வென்ட் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். டிரில் பீரியட்போல விறைப்பாகத் தொட்டார்கள். அவர்களுக்கு அது உத்தரவு. இவர்களுக்கு அது மரியாதைக் கேடு.

தாள்களைப் பிரித்துப் பார்த்தேன். இருபது கேள்விகளில் எட்டு, இடது கையால் என்னைத் தொடச் சொல்பவை. ஹஃப்ஸாவின் ஒன்பது தவறுகளில் எட்டு அங்கேதான்.

6 மார்ச்
மாயவரம் ஃபேன்சி ஸ்டோரில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பொம்மை வாங்கினேன். என் காதுக்குப் பதில் அதன் காது. ஏழு பேரில் ஆறு பேர் பதினைந்தைத் தாண்டினார்கள். ஹஃப்ஸா பத்தொன்பது. காதைத் தொடச் சொன்னால் திருகினாள்.

வாசிப்பு மட்டும் அப்படியே. ஒரு வரிக்கு மூன்று முறை தொடக்கத்துக்குப் போகிறாள். அது நிஜம். அது நடிப்பில்லை.

10 மார்ச்
சாரிடம் சொன்னேன். அறையில் புதுக் கம்ப்யூட்டர், இன்னும் உறை கழற்றாத வாசனை. அவர் கட்டுரை வெளிநாட்டுக் கருத்தரங்கில் ஏற்கப்பட்டுவிட்டது.

"இது உலகம் பூரா ஓடுற டெஸ்டும்மா. கும்பகோணம் தாண்டினா மட்டும் ஓடாதா?"

"பிள்ளைங்க மரியாதைக்காகத் தப்பாப் பண்றாங்க சார்."

"பொம்மையைக் காட்டினா அது வேற டெஸ்ட். ரெண்டையும் ஒண்ணா வச்சு ஒப்பிடக் கூடாதுன்னு நான்தானே ஒனக்குச் சொல்லிக் குடுத்தேன்?"

அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சல். பொம்மைக்கு அளவுகோல் கிடையாது. ஆனால் அவருடைய அளவுகோல்?

அவரைச் சந்தேகிக்கிறேனா, சந்தேகிக்கப் பிடித்துவிட்டதா எனக்கு?

12 மார்ச்
நஃபீசாவிடம் இரண்டாவது தாள் கொடுத்தேன். 'முன்பு தந்தது பிழை. பிழை என்னுடையது.' இம்முறை துறையின் தலைப்பு இல்லை. வெறும் கோடு போட்ட தாள்.

படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சிரிக்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முதல் சிரிப்பை நான் எப்படிப் படித்தேன்!

14 மார்ச்
வெள்ளிக்கிழமை. இப்ராஹிமுக்கு விடுமுறை. கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு ஐந்து மணிக்குக் கூப்பிடுவார் என்றதால் போனேன். நஃபீசா பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"முதல்ல ஒரு தாளு, இப்ப ஒரு தாளு. எம்பொண்டாட்டி ஒங்ககிட்ட அழுதாளா?"

"இல்லைங்க. தப்பு என்னோடது."

"மொதத் தாள்ல இருந்த நம்பருக்குப் போன் பண்ணேன். பெரியவரு அதுதான் சரிங்கிறாரு. நீங்க படிக்கிற புள்ள, அவரு படிப்பு சொல்லிக் குடுக்கறவரு. யார நம்புறது?"

அவர் இடத்தில் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன்.

"ஹஃப்ஸா தடுக்கித் தடுக்கித்தான் படிப்பா. அது ரெண்டு தாள்லயும் உண்மை. ஆனா தனியா உக்காந்து சொல்லிக் குடுத்தா வரும்."

"யாரு குடுப்பா? அந்த ஸ்கூல்ல ஒரு கிளாசுக்கு அறுபது புள்ளைங்க."

வெளிநாட்டு அழைப்பு, நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் வர்றேன். சனிக்கிழமை சனிக்கிழமை."

"எத்தன நாளைக்கு?"

இணைப்பு அறுந்துவிட்டது. அல்லது வைத்துவிட்டார்.

2 ஏப்ரல்
சாரின் கட்டுரையில் என் பெயர் இல்லை. நானே எடுக்கச் சொன்னேன் என்று எழுத ஆசை. சொல்லப் போனபோது ஏற்கெனவே எடுத்திருந்தார்.

19 ஏப்ரல்
ஐந்தாவது சனிக்கிழமை. காவிரியில் ஒரு சொட்டு இல்லை. மணலைப் பரப்பி அதில் எழுத்தை விரலால் இழுக்கச் சொன்னேன்; எழுதிய பிறகு வாசிக்க வேண்டும். "எந்தக் கையால?" என்று கேட்டாள். எது வருகிறதோ அது என்றேன். நம்பாமல் பார்த்தாள்.

எட்டாவது பரீட்சை முடிந்துவிட்டது. ஷார்ஜாவிலிருந்து ஆமாம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

14 ஜூன்
பள்ளி திறந்து ஒரு வாரம். போகும் வழியெல்லாம் என்ன கேட்க வேண்டியிருக்கும் என்றே நினைத்துக்கொண்டு போனேன்.

கூடத்தில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஷார்ஜாவிலிருந்து வந்த யாரிடமோ இப்ராஹிம் துணி கொடுத்தனுப்பியிருக்கிறார். சீருடைத் தாவணிக்கு. நஃபீசா அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"அவங்க இன்னும் ஒங்கள நம்பல டீச்சர். காலாண்டுப் பரீட்சை மார்க்கப் பாத்துட்டுப் பேசுவாங்களாம்." பிறகு துணியை நீவினார். "ஒம்பதாவதுக்கு இந்த நீலம் கொஞ்சம் கூடிப்போச்சோ? சேத்துக்குவாங்களா?"

சேர்த்துக்கொள்வார்கள் என்றேன்.