கண்ணாடிக்குள் பிரெயில்

ஞாயிறு, இரவு

என் தம்பி சேகருக்குப் பார்வை கிடையாது. மியூசியத்தில் தொட்டுப் படிக்கிற பிரெயில் பலகை வைத்திருக்கிறார்களாம் என்று ஆசையாகச் சொன்னான். கருவடிக்குப்பத்திலிருந்து ஆட்டோவில் கூட்டிப்போனேன். பலகை கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. அவன் விரல்கள் கண்ணாடியைத் தடவித் தடவித் தேடின.

"வெளிய வச்சா ஆளாளுக்குத் தொட்டு அழுக்காக்கிடுவாங்கம்மா" என்றார் அதிகாரி. அதோடு விட்டாரா? "தம்பி, அப்படியே கைய வைப்பா, ஒரு போட்டோ எடுத்துக்கிறோம்."

எடுத்தார்கள். சேகர் நகர்வதற்குள் காவலாளி துணியோடு வந்து கண்ணாடியைத் துடைத்தார். த்தூ!

திரும்பும்போது சேகர் கேட்டான்: "அதுல என்னக்கா எழுதியிருந்துச்சு?"

'அனைவருக்குமான அருங்காட்சியகம்' என்று கீழே அச்செழுத்திலும் போட்டிருந்தது. சொல்ல வாய் கூசியது.

"ஏதோ பழைய பானையப் பத்திடா" என்றேன்.