அவரைப் பந்தலில் மதினி செய்த உபகாரம்

டிசம்பர் 5, வெள்ளி
காலையிலிருந்து மூட்டம். துணி காயவில்லை.
அவரைக் கொடி முழுக்க அசுவினிப் பூச்சி. கறுப்பாக அப்பிக் கிடக்கிறது, பூவெல்லாம் உதிர்கிறது. சாம்பல் தூவினேன். சாயங்காலத் தூறலில் கரைந்து போச்சு.
இவருக்கு ஒரே குஷி. பந்தலைப் பிரித்துவிட்டுக் கார் நிறுத்தணுமாம். காரே இன்னும் வாங்கவில்லை!
"அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன் ஸ்டெல்லா. பூச்சி போகலேன்னா வெட்டிருவேன்."
வெட்டுவாராம். விதை போட்டது நான், பந்தல் கட்டியது நான்.

டிசம்பர் 9, செவ்வாய்
பொறிவண்டுக் குஞ்சுகள் வந்துவிட்டன! கறுப்பு உடம்பு, ஆரஞ்சுப் புள்ளி, முதுகெல்லாம் முள். பார்க்க விகாரம்தான். ஒன்று அசுவினியைக் கவ்வித் தின்றதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அதற்கும் திட்டு.
கட்டெறும்பு வேறு. அசுவினி விடுகிற தித்திப்புக்காக அதற்குக் காவல் நின்று, குஞ்சைக் கடித்துத் துரத்துகிறது. கூலிக்கு மாரடிக்கிற ஜென்மம். கொடியின் தூரில் வேப்பெண்ணெய் தடவிவிட்டேன், ஏறட்டும் பார்ப்போம்.
வாங்க வேண்டியது: சீரகம், ஷாம்பு, துடைப்பம்.

டிசம்பர் 11, வியாழன்
சின்னாளபட்டியிலிருந்து மதினி, இவருடைய அக்கா. நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் கையில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு நிற்கிறார்.
"ஒம் பந்தல்ல அம்புட்டும் முள்ளுப்புழு. செத்த நேரத்துல பொறுக்கிப்புட்டேன்ல?"
கிண்ணத்தில் என் குஞ்சுகள். அத்தனையும்.
"அசுவினிய ஏன் மதினி விட்டீங்க?"
"அதுவா? ஏதோ தூசின்னுல்ல நெனச்சேன்."
"போலீஸக் கொன்னுபுட்டு திருடனுக்குக் காப்பி குடுத்திருக்கீங்க" என்று கேட்டேவிட்டேன். சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். சிரிக்கட்டும். ராத்திரி வெறும் ரசம், தொட்டுக்க வெஞ்சனம் கிடையாது.

டிசம்பர் 14, ஞாயிறு
நல்ல வெயில். பூசை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை, இவர் அருவாளோடு பந்தலடியில்.
"சொன்னா சொன்னதுதான்."
முதல் கொடியை வளைத்துப் பிடித்தார். இலைக்கு அடியில் மஞ்சள் மஞ்சளாக முட்டை, ஒட்டி நிறுத்திவைத்தது மாதிரி. எந்தப் பொறிவண்டோ மதினி கண்ணில் படாமல் வந்து இட்டுவிட்டுப் போயிருக்கிறது. இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.
"வெட்டாதீங்க. குஞ்சு பொரிக்கப் போகுது."
"பொரிக்கட்டும். அக்காவ வரச் சொல்றேன்" என்று இளித்தார்.
அருவாளைப் பிடுங்கிப் பக்கத்துப் பாழுங்கிணற்றில் எறிந்துவிட்டேன்.