மூன்றாம் ஓலை

1934 மே 6, ஞாயிறு

விடியும்போதே புழுக்கம். மேகம் நிறைய, மழை இல்லை. தண்டு, இந்தப் பட்டாளத்து ஊர் முழுக்க, வேர்த்து நிற்கிறது.

ஏழு மணிப் பூசையில் எங்கள் முதல் ஓலை. பிரெஞ்சுச் சாமியார் தன் புத்தகத் தமிழில் வாசித்தார்: லிங்கராஜபுரம் சின்னப்பனும் இந்தப் பங்கின் பிலோமினாவும் மெய்விவாகம் செய்ய இருக்கிறார்கள், விக்கினம் ஏதாகிலும் அறிந்தவர்கள் வந்து அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இப்படி மூன்று ஞாயிறு வாசித்த பிறகுதான் கல்யாணம். 28ந் தேதி, திங்கள்.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கோ “அறிந்தவர்கள்” என்ற சொல் மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது. அறிந்தவள் நானே என்றால்? நானே எழுந்து சொல்ல வேண்டாமா?

சங்கதி இதுதான். எழுதினால் அடங்குகிறதா பார்க்கலாம். புதுநன்மை, அதாவது முதல் தடவையாகத் திரு அப்பம், வாங்கின அன்று, ஒன்பது வயது, வெள்ளைக் கவுன், மாதா சுரூபத்தின் முன் முழங்காலில் இருந்தேன். “மாதாவே, நான் கன்னியாஸ்திரியாவேன்” என்று வார்த்தைப்பாடு கொடுத்தேனா? இல்லை, ஆனால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட்டேனா? கொடுத்திருந்தால் நான் யாரையும் கட்டக் கூடாது. ஆசை மட்டும் என்றால் ஒன்றுமே இல்லை. ஓலைக்குப் பேர் கொடுத்த நாளிலிருந்து மண்டைக்குள் இதே அரைப்பு.

அந்தச் சொல்லை முழுசாக எழுதியதே பயமாக இருக்கிறது. எழுதும்போதே புதிதாக ஒன்று கொடுத்துவிட்டேனோ? இனி வா.பா. என்று மட்டும்.

நன்மை வாங்கப் போகவில்லை. பாவத்தோடு வாங்கினால் அது இன்னும் பெரிய பாவம்.

மே 8, செவ்வாய்

பள்ளிக்கூடம் லீவு, பாடம் எடுக்க வேண்டாம். ஆக வேண்டியவை: ரவிக்கை மூன்று, கொக்கி ஒரு டஜன், அண்ணனுக்குக் கடுதாசி, பெரிய டீச்சரம்மாவிடம் கல்யாணச் சேதி சொல்ல வேண்டியது. ஆனது: ஒன்றும் இல்லை.

காலைச் செபமே முடியவில்லை. மங்கள வார்த்தை சொல்லும்போது நடுவில் அந்த நினைப்பு. நினைப்போடு சொன்ன செபம் வா.பா. ஆகிவிடுமோ? மறுபடி முதலிலிருந்து. அடுப்பங்கரையிலிருந்து அம்மா:

“ஏண்டி, அதையே எத்தினி வாட்டி சொல்லுவே? மாதாவுக்கு என்ன காது மந்தமா?”

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக ஒன்று கூடுதலாகச் சொன்னேன்.

போன மாசம் வரை, புதுநன்மை அன்றைக்குக் கையில் மெழுகுவர்த்தி இருந்ததா என்றே தெரியாது. இன்றைக்கு மெழுகு சொட்டி விரல் சுட்டதுகூடத் தெரிகிறது. நிஜமாகச் சுட்டதா, தேடித் தேடி நானே சொட்ட வைத்தேனா? குட்டையைக் கலக்கிக்கொண்டே அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்கிற புத்தி எனக்கு.

மே 10, வியாழன். ஆண்டவர் மோட்சம் ஏறின திருநாள்

நல்ல மழை, ஆலங்கட்டியோடு. கோவிலுக்குள் ஈரப் புடவை வாசனை.

திருநாள் ஆனதால் பெஞ்சு பெஞ்சாக எல்லாரும் எழுந்து நன்மைக்குப் போனார்கள். நான் மட்டும் பல் விழுந்த இடம்போல் உட்கார்ந்திருந்தேன். சின்னப்பனின் அம்மா வந்திருந்தார்கள். நன்மை வாங்கிக் கைகூப்பித் திரும்பி வருகையில் கண் மட்டும் என்மேல்.

வெளியே பிடித்துக்கொண்டார்கள். “என்னம்மா பிலோமி, ஓலை வாசிச்ச அன்னிக்கும் போவலே, இன்னிக்கும் போவலே. ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

அம்மா முந்திக்கொண்டாள். “விடியக்காலைல மறந்து தண்ணி குடிச்சிட்டா சம்பந்தியம்மா. நன்மைக்கு இருந்த ஒருசந்தி முறிஞ்சிருச்சி.”

“ஓஹோ. ரெண்டு நாளுமா?”

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள். “யாருடி அவன்?”

“எவன்?”

“நன்மை வாங்க முடியாதபடிக்கு ஒரு பொண்ணு வேற என்னடி பாவம் பண்ணுவா? சொல்லித் தொலை!”

எவனாவது இருந்தால் எவ்வளவு சுலபம்! ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டுப் போகலாம். உள்ளதைச் சொன்னேன். அம்மா நம்பவில்லை. “ஒம்பது வயசுக் கதைக்கா இந்தப் பேஜாரு? வேற யாருகிட்டயாச்சும் சொல்லு” என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்காக அம்மா திருநாளில் பொய் சொன்னதும் இப்போது என் தலையில்.

மே 12, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மறுபடி அதே சங்கதி. தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் பெருமூச்சு விட்டது காதில் விழுந்தது.

“மகளே, இதைச் சென்ற சனிக்கிழமையும் கேட்டேன். அதற்கு முந்திய சனிக்கிழமையும் கேட்டேன். அது வார்த்தைப்பாடு அல்ல. ஒரு குழந்தையின் ஆசை.”

“நான் சரியாச் சொல்லலியோன்னு பயமா இருக்கு சாமி.”

“சரியாகச் சொன்னாய். உன்னிடத்தில் பாவம் இல்லை. வியாதி உண்டு. சந்தேகப்படுகிற வியாதி. இனி இதை என்னிடத்தில் சொல்லாதே, வேறே குருவிடத்திலும் சொல்லாதே. நாளைக்கு நன்மை வாங்கு. இது கட்டளை.”

பலகையைச் சாத்திவிட்டார்.

உடம்பு பஞ்சாகிவிட்டது. கோவில் வாசல் வரைக்கும்தான். “கொடுத்தேன்னு நினைக்கிறேன்” என்றேனா, “கொடுக்கலேன்னு நினைக்கிறேன்” என்றேனா? தப்பாகச் சொல்லியிருந்தால் அவர் தீர்ப்பும் தப்பு, கட்டளையும் செல்லாது. திரும்பி ஓடினேன். சாமியார் எழுந்து போய்விட்டிருந்தார்.

வியாதியாம். ஜுரம் இல்லை, இருமல் இல்லை, மூன்று வேளையும் தின்கிறேன். வியாதிதான் என்றால் அதை மறைத்துக் கட்டிக்கொள்வது தனிப் பாவமா? ஐயோ, போதும்.

மே 13, ஞாயிறு

இரண்டாம் ஓலை. நன்மைக்குப் போகவில்லை. கட்டளையையும் மீறியாயிற்று.

“கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்று வாசித்தபோது முழங்கால் தானாக விறைத்தது. எழுந்தே விட்டேன் என்று நினைத்தேன். முன்பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு இந்தப் பிடி நிற்குமா? எழுந்து நின்றால் கல்யாணம் போகும், அம்மா மானம் போகும், பள்ளிக்கூட வேலையும் போகும்.

சின்னப்பனை எனக்குப் பிடித்திருக்கிறது. இதை இதுவரை எங்கும் எழுதவில்லை. பெண் பார்க்க வந்த அன்று கடித்தால் சத்தம் கேட்குமென்று முறுக்கை வாயில் ஊறவைத்துத் தின்றார். அப்போதே பிடித்துவிட்டது. அவரை விட்டுக் கொடுக்க மனசு வரவே இல்லை.

மே 16, புதன்

சின்னப்பன் வந்தார். ஸ்டேஷனில் குட்ஸ் கிளார்க் வேலை. பகல் டூட்டிக்குப் போகிற வழி. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கூடத்தில் நின்றார். உட்காரவில்லை. அம்மா அடுப்பங்கரைக்குப் போய் வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டினாள்.

“எங்கம்மா கேட்டு வரச் சொன்னாங்க. ஆனா நான் எனக்காகத்தான் கேக்கறேன். வேற யாராச்சும் இருக்காங்களா பிலோமி?”

“இல்லே.”

“அப்போ ஏன் நன்மைக்குப் போவலே?”

சொன்னேன். சுரூபம், மெழுகு, சாமியார், வியாதி என்றது, எல்லாம். சிரிக்கவில்லை மனுஷன். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“நீங்க சொல்லுங்க. நான் கொடுத்திருப்பேனா?”

“ஒம்பது வயசுல என்னத்தக் குடுத்திருக்கப் போறே? குடுக்கலே.”

அப்பாடா! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் படி இறங்குவதற்குள் மறுபடி. “நிஜமாச் சொல்றீங்களா, என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்களா?”

“நிஜமாத்தாம்மா.”

சைக்கிளில் ஏறிவிட்டார். நான் தெருவுக்கே ஓடினேன். எதிர்வீட்டுச் சன்னலில் ரெண்டு தலை. “அன்னிக்கு நீங்க அங்க இல்லியே! உங்களுக்கு எப்படித் தெரியும்?”

காலை ஊன்றி நின்றார். முகம் சிவந்துவிட்டது.

“தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? குடுத்திருக்கலாம்.”

சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். “குடுத்திருந்தா?”

“குடுத்திருந்தா குடுத்ததுதான். பாவம்னா ஆளுக்குப் பாதி. அப்பவும் ஒன்னைத்தான் கட்டுவேன். ஆனா இனிமே இதைக் கேட்டா நான் வாயத் தெறக்க மாட்டேன். நூறு வாட்டி இல்லேன்னாலும் ஒனக்குப் பத்தாது. டூட்டிக்கு நேரமாச்சு.”

போய்விட்டார். பாவி மனுஷன். ஒரு வார்த்தை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனால் குறைந்தா போவார்?

மே 17, வியாழன்

நாள் பூரா அவர்மேல் கோபம். குடுத்திருக்கலாமாம். என்ன தைரியம்! ரவிக்கையின் வலக்கையை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன்.

சாயங்காலம் ஒன்று கவனித்தேன். மத்தியானத்திலிருந்து மனசுக்குள் அந்தச் சுரூபத்தின் முன் போய்த் தேடவே இல்லை. கொடுத்திருக்கலாம் என்று விட்டுவிட்டால் தேடுவதற்கு என்ன இருக்கிறது? கவனித்த கையோடு மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் அரை நாள்.

மே 19, சனி

மழை விட்டு விட்டு. சின்னப்பனின் அம்மா ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கும் நான் நன்மைக்குப் போகாவிட்டால் பரிசப் புடவையைத் திருப்பிக் கேட்டு ஆள் வருமாம். அம்மா அழவில்லை. அழுதால்கூடத் தேவலை.

பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். கட்டளையை மீறியதைச் சொன்னேன். அம்மாவின்மேல் எரிந்து விழுந்ததைச் சொன்னேன். “வேறே உண்டா?” என்றார் சாமியார். அதைச் சொல்ல நாக்கு அரித்தது, சொறி அரிப்பதுபோல. சொறிந்தால் சுகம், பிறகு ரணம். எனக்கா தெரியாது?

“இல்லே சாமி.”

மறைத்துவிட்டேனா, கீழ்ப்படிந்தேனா? இந்தத் தடவை திரும்பி ஓடவில்லை.

மே 20, ஞாயிறு

இஸ்பிரித்துசாந்து, பரிசுத்த ஆவி, இறங்கின திருநாள். மழை.

மூன்றாம் ஓலை. வாசித்துவிட்டுச் சாமியார் கொஞ்சம் நிறுத்தினார். கூரைமேல் மழைச் சத்தம் மட்டும். என் முழங்கால் விறைத்தது. சொல், சொல், உனக்குத்தான் தெரியும், கடமை உனக்கு. ஆண்கள் பக்கம் சின்னப்பன் முதுகு தெரிந்தது. கொடுத்திருக்கலாம் என்றேன் மனசுக்குள். எழுந்திருக்கவில்லை. சாமியார் காகிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பிரசங்கம் தொடங்கினார்.

மணி அடித்ததும் நன்மைக்குப் போனேன். அம்மா பின்னாலேயே வந்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதியில் முழங்காலிட்டேன். சாமியார் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு நெருங்கி வந்தார். கடைசித் தடவையாக ஒரே ஒரு முறை நினைத்துப் பார்த்துவிடு என்று மனசு கெஞ்சியது. வார்த்தையா, ஆசையா? பார்க்கவில்லை. சாமியார் என் முன்னால் வந்து நின்றார். எனக்குத் தெரியாது. நாக்கை நீட்டினேன்.

திரும்பி வந்து பெஞ்சில் முழங்காலிடுவதற்குள் புதுசாக ஒன்று. நன்மை பல்லில் படக் கூடாது என்பார்கள். பட்டுவிட்டதோ?

பட்டிருக்கலாம். அம்மா இடியாப்பம் ஆறுகிறது என்று கத்துகிறாள்.