ஸ்கேலும் ஸ்பானரும் மூன்று விமானங்களும்

வரைபட அறை
ஜனவரி 12, 1973

என் அன்புள்ள ஸ்பானருக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நலமாகத்தான் இருப்பீர்கள். கடற்காற்று, கேள்வி கேட்க ஆளில்லாத வீடு, கழற்றிப் பூட்ட இரண்டு விமானம். வேறென்ன வேண்டும் உங்களுக்கு?

ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். "தீவுக் கம்பெனிக்காரங்க நம்ம விமானத்தைப் புதுசா வாங்கியிருக்காங்க, பழக்கிக் கொடுத்துட்டு ஓடி வந்துடறேன்" என்றீர்கள். இரண்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது சம்பளமும் அந்தக் கம்பெனியில்தான் வாங்குகிறீர்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டிலேயே அப்பாவும் தங்கிவிட்ட கதையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. தொழிற்சாலை வாசல் காவலாளி தினமும் கேட்கிறார், "சார் எப்பம்மா வருவாரு?" நானும் தினமும் ஒரு பொய் சொல்லிச் சமாளிக்கிறேன்.

போகட்டும், சேதி இதுதான். நம் மூத்தவளுக்கு ஒரு தங்கை வந்துவிட்டாள். மூத்தவளின் உடம்பை வெட்டி, இறக்கைக்கு முன்னால் ஒரு துண்டும் பின்னால் ஒரு துண்டும் சேர்த்து நீட்டியிருக்கிறோம். பன்னிரண்டு பேர் உட்கார்ந்த இடத்தில் இனி பத்தொன்பது பேர். இறக்கை அதே இறக்கை. விசிறி சுழற்றுகிற டர்போப்ராப் இஞ்சின் அதே ஜோடிதான், பலம் மட்டும் கூட்டியிருக்கிறது. தலைமை வடிவமைப்பாளர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதென்னம்மா, அக்கா சட்டையைப் பிரிச்சு ஒட்டுப்போட்டுத் தங்கச்சிக்குத் தைச்ச மாதிரி இருக்கு" என்றார். திட்டா, பாராட்டா என்று இன்னும் தெரியவில்லை.

இளையவள் முதலில் உங்கள் கம்பெனிக்குத்தான் வருகிறாள். அவளைக் கொண்டுவந்து விடுகிற விமானி, பழுது பார்க்க வேண்டிய மூத்தவள் ஒருத்தியை ஓட்டிக்கொண்டு திரும்புவார். அவர் பக்கத்து இருக்கை காலி. ஏறி வந்துவிடுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருந்து பார்க்கலாம் என்று ஒரு ஆசை.

உங்கள்
ஸ்கேல்


தீவு ஓடுதளம்
பிப்ரவரி 9, 1973

அன்புள்ள ஸ்கேலுக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டும் கிடைத்தது. இரண்டையும் இரண்டு தடவை படித்தேன்.

நீ என்னை வா என்கிறாய். நான் உன்னை வா என்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், முறைக்காமல் கேள். அங்கே விமானம் செய்கிறோம், வெள்ளை பூசி வெளியே தள்ளுகிறோம், அதோடு சரி. இங்கே அவள் வாழ்கிறாள். கடலுக்கும் குன்றுக்கும் நடுவே ஒரு துண்டு சரளைத் தரை, அதில் வந்து இறங்குகிறாள். தபால், மருந்து, வாத்தியார், கோழிக்குஞ்சு, எல்லாம் அவள் வயிற்றில்தான். வருகிற சத்தம் கேட்டால் டீக்கடைக்காரர் அடுப்பில் பால் வைக்கிறார். நீ வரைந்து நான் திருகின போல்ட் ஒவ்வொன்றும் இங்கே ஒருவருக்கு உதவுகிறது. இதை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

உனக்கும் அறை தயார். வடக்கு வெளிச்சம் விழுகிற அறை, வரைபலகைக்கென்றே ஒதுக்கினேன். இரண்டு வருடமாக அதில் என் துணிதான் காய்கிறது.

புகார்கள்: ஒன்று, உப்புக்காற்று இறக்கை மூட்டுகளைத் தின்கிறது. பூச்சை மாற்றச் சொல். இன்னொன்று, மூன்றாவது வரிசையில் விசில் சத்தம். பயணிகள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். உன் வடிவமைப்பில்தான் ஏதோ கோளாறு.

அன்புடன்
ஸ்பானர்


வரைபட அறை
மார்ச் 2, 1973

என் அன்புள்ள ஸ்பானருக்கு,

பூச்சை மாற்றச் சொல்லிவிட்டேன். விசிலுக்காக ஒரு வாரம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். கடைசியில் பூட்டும் பிரிவு மேஸ்திரி கேட்டார், "கதவு ரப்பரை அங்க யாராவது வெட்டிருப்பாங்களோ?" நீங்கள்தானே வெட்டினீர்கள்? கதவு இறுக்கமாக இருக்கிறது என்று கத்தியை எடுத்திருப்பீர்கள். எனக்குத் தெரியாதா உங்கள் கையை! புது ரப்பர் அனுப்புகிறேன். கத்தியைப் பூட்டி வையுங்கள்.

நான் வர முடியாது. கடைக்குட்டிக்கு வேலை தொடங்கிவிட்டது. பெயர்தான் கடைக்குட்டி, அக்காக்கள் இரண்டு பேரையும் விட உயரம். முப்பது பேர். சக்கரத்தை உள்ளே மடித்துக்கொள்வாள். உள்ளே காற்றழுத்தம் குறையாத உடம்பு என்பதால் மேகத்துக்கு மேலே போவாள், யாருக்கும் காது அடைக்காது. இறக்கை உடம்போடு சேருகிற வேர் மட்டும் பழையது, மற்றதெல்லாம் புதிது. அவள் பறக்கும்வரை என்னால் இந்த மேசையை விட்டு நகர முடியாது. நீங்கள்தான் வர வேண்டும்.

உங்கள்
ஸ்கேல்


தீவு ஓடுதளம்
செப்டம்பர் 20, 1973

அன்புள்ள ஸ்கேலுக்கு,

கதவு ரப்பர் விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

இதைப் படிக்கும் முன் உட்கார்ந்துகொள். உன் இளையவளும் நேற்று உட்கார்ந்துவிட்டாள்.

இங்கே ஒருவர் பயணம் கிளம்பினால் ஒரு தெருவே வந்து ஏற்றிவிடும். காலம் காலமாகப் படகில் அப்படித்தான். உள்ளே ஏறி, பேசி, அழுது, கயிற்றை அவிழ்க்கும்போது குதித்து இறங்குவார்கள். நேற்று ஆஸ்பத்திரி நர்ஸுக்கு மாற்றல். பெட்டி படுக்கையெல்லாம் பின்னால் ஏற்றியாகிவிட்டது. நர்ஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கதவும் பின்னால்தான் இருக்கிறது. அவர் பிரசவம் பார்த்த பிள்ளைகள், பிள்ளைகளின் அம்மாக்கள், அத்தைகள் என்று ஏறிக்கொண்டே இருந்தார்கள். நான் ஏற்ற வேண்டிய தபால் மூட்டைகளை வாலுக்குக் கீழே அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மூக்கு மெதுவாகத் தூக்கிக்கொண்டது. மாடு படுக்கிற மாதிரி நிதானமாக, வாலைத் தபால் மூட்டைமேல் வைத்து உட்கார்ந்தாள். முன்னால் விமானி பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், கண்ணாடியில் வெறும் வானம் தெரிவதைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, கிளம்பிட்டமா?" என்று கத்தினார்.

நான் கதவோரம் நின்று, "யாரும் இறங்காதீங்க! ஒவ்வொருத்தரா மெதுவா முன்னாடி போங்க. உடம்பு கொஞ்சம் கனமா இருக்கறவங்க முதல்ல போங்க!" என்றேன். ஒருவர்கூட அசையவில்லை. எல்லாரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார்கள். கடைசியில் டீக்கடைக்காரர்தான், "சரி, ஊருக்காகப் போறேன்" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு நடந்தார். அவருக்குப் பின்னால் தைரியம் வந்து மற்றவர்களும் போனார்கள். மூக்கு பூப்போல இறங்கியது. உள்ளே ஒரே கைத்தட்டல். ஒரு சின்னப் பெண், "இன்னொரு தடவை" என்று கேட்டாள்.

ஒரு கீறல் இல்லை. மூட்டைகள் காப்பாற்றின. தபாலில் உனக்குப் போக வேண்டிய என் கடிதமும் இருந்தது. அது நசுங்கிவிட்டது, அதனால் இது.

ஆகாயத்தில் உன் கணக்கில் குற்றமே இல்லை. ஆனால் அழுகிற கூட்டத்தை நீயும் கணக்கில் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அன்புடன்
ஸ்பானர்


வரைபட அறை
அக்டோபர் 15, 1973

என் அன்புள்ள ஸ்பானருக்கு,

உங்கள் கடிதத்தை வரைபட அறையில் உரக்கப் படித்தேன். டீக்கடைக்காரர் இடம் வந்ததும் தலைமை வடிவமைப்பாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "வாலுக்கு ஒரு முட்டுக்கால் பண்ணி உடனே அனுப்பும்மா" என்றார். மடக்குகிற கால் ஒன்று அடுத்த கப்பலில் வருகிறது. ஏற்றி இறக்கும்போது வாலுக்குக் கீழே நிறுத்துங்கள். கிளம்பும் முன் எடுக்க மறக்காதீர்கள்.

இன்னொன்றும் நடந்தது. கடைக்குட்டிக்குப் படிக்கட்டோடு கூடிய கதவை முன்னால் வைக்க வேண்டும் என்று கேட்டேன். பின்கதவு சாமான்களுக்கு மட்டும். "எடை கூடும், எல்லாத்தையும் திரும்ப வரையணும்" என்று அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. எட்டாம் நாள் வந்து, "ஊரே வந்து அழுதாலும் தாங்கணும்னு சொல்றே, அதானே?" என்றார். ஆமாம் என்றேன். சரி என்றுவிட்டார்.

அன்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். விளக்கைப் போட்டேன். நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன், எதிரில் நாற்காலிதான் இருந்தது. எனக்கு அப்போதுதான் உங்கள்மேல் நிஜமாகவே கோபம் வந்தது. நீங்கள் நல்ல வேலைதான் செய்கிறீர்கள். ஆனாலும் எனக்கு நீங்கள் இங்கே வேண்டும். இதைவிட நேராக எழுத எனக்குத் தெரியாது.

உங்கள்
ஸ்கேல்


தீவு ஓடுதளம்
நவம்பர் 11, 1973

அன்புள்ள ஸ்கேலுக்கு,

முட்டுக்கால் வந்தது. ஊரார் அதற்கு மஞ்சள் பூசிவிட்டார்கள். நிறுத்தவும் எடுக்கவும் தனியாக ஒரு ஆள் வேறு. வேறு யார், டீக்கடைக்காரர்தான்.

உன் கோபம் நியாயம். பதில் சொல்ல இரண்டு தாள் கிழித்தேன். எனக்கும் சாயங்காலமானால் பேச ஆளில்லை. விமானத்தோடு பேசுகிறேன் என்று ஊரில் ஒரு பேச்சு, அது உண்மைதான். நீ முதலில் அவளைப் பறக்க வை. மற்றதை அப்புறம் பார்ப்போம்.

அன்புடன்
ஸ்பானர்


வரைபட அறை
மே 6, 1975

என் அன்புள்ள ஸ்பானருக்கு,

பறந்துவிட்டாள்! பறந்துவிட்டாள்!

காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தையல் பிரிவுப் பெண்கள், பெயின்ட்காரர்கள், கணக்குப் பிரிவு எல்லாரும் வேலியோரம் நின்றோம். இஞ்சின் இரண்டும் சுருதி சேர்ந்த சத்தம் கேட்டதும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பாதி ஓடுதளம்கூடத் தேவைப்படவில்லை, எழும்பிவிட்டாள். மேலே ஒரு வட்டம், அக்காக்கள் நின்ற கொட்டகைக்கு மேல் இன்னொரு வட்டம். நான் அழுதேன். கண்ணில் தூசி என்றேன். "மழை பெஞ்ச தரையில தூசி ஏதுங்க?" என்று பெயின்ட்காரர் மானத்தை வாங்கினார்.

சோதனை விமானி இறங்கி வந்து சொன்னார்: "மூத்தவ பிடிவாதக்காரி. இளையவ பரவாயில்ல. இவ நாம சொல்றதுக்கு முன்னாடியே புரிஞ்சுக்கறா." யாரோ இனிப்பு வாங்கி வந்தார்கள். தலைமை வடிவமைப்பாளர் அதைத் தின்றுகொண்டே, இவளையும் நீட்டினால் நாற்பது பேர் உட்காரலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். பிள்ளை பெற்ற அன்றைக்கே அடுத்ததைப் பற்றிப் பேசுகிற மாமியார் மாதிரி!

இன்னும் ஒரு வருடம் சோதனைகள் இருக்கின்றன. முதல் இரண்டு விமானங்கள் உங்கள் கம்பெனிக்கு. இன்னொரு சேதியும் என் மனசில் இருக்கிறது. அதை எழுதுவதாக இல்லை.

உங்கள்
ஸ்கேல்


உன் வீட்டு வாசல்படி
ஏப்ரல் 12, 1976

அன்புள்ள ஸ்கேலுக்கு,

நான் என் வீட்டு முகவரிக்கே கடிதம் எழுதுகிறேன். இப்படி ஒரு காரியம் வேறு எவனாவது செய்திருப்பானா?

உன்னிடம் சொல்லாமல் வந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். தீவு வேலையை விட்டுவிட்டேன். நம் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் இடம் கேட்டு எழுதினேன், கொடுத்துவிட்டார்கள். உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று தலைமை வடிவமைப்பாளரிடம் சத்தியம் வாங்கினேன். கப்பல், ரயில், பஸ். இன்று காலை தெருமுனையில் இறங்கியபோது தலைக்கு மேலே ஒரு சத்தம். நிமிர்ந்தேன். கடைக்குட்டி! முதல்முதலாகப் பார்க்கிறேன். சக்கரத்தை அழகாக மடித்துக்கொண்டு போனாள். பெட்டியைக் கீழே போட்டுவிட்டு நடுத்தெருவில் நின்று கையை ஆட்டினேன். பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

வீடு பூட்டியிருந்தது. தொழிற்சாலைக்கு ஓடினேன். காவலாளி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அம்மா இப்பத்தான் சார் அந்தப் பிளேன்ல ஏறிப் போனாங்க. உங்க ஊருக்குத்தான். அங்கயே வேலையாம்."

தலைமை வடிவமைப்பாளரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் சிரித்துச் சிரித்துப் பேச முடியாமல் நாற்காலியில் சாய்ந்தார். "அவளும் சத்தியம் வாங்கினாய்யா! ரெண்டு பேருக்கும் குடுத்த வாக்கைக் காப்பாத்தினேன், அது ஒரு குத்தமா?" நாம் இரண்டு பேரும் ஒரே கோளாறை ஆளுக்கொரு பக்கம் நின்று சரிசெய்திருக்கிறோம்.

உன் வரைபலகையைப் பார்த்தேன். நாற்பது பேர் விமானம் பாதியில் நிற்கிறது. உன் இடம் இதுதான். நான் இங்கேயே இருக்கிறேன், நீ திரும்பி வா. நாளை கிளம்புகிற சரக்கு விமானத்தில் இந்தக் கடிதம் வருகிறது.

உன்
ஸ்பானர்


உங்கள் வீடு, அதாவது என் வீடு
ஏப்ரல் 13, 1976

என் அன்புள்ள ஸ்பானருக்கு,

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த சரக்கு விமானி வாசலில் நிற்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நேற்று இறங்கினேன். ஊரே வந்திருந்தது. முன்கதவு வழியாக ஏறிப் பார்த்தார்கள், இறங்கினார்கள், திரும்ப ஏறினார்கள். கடைக்குட்டி அசையவில்லை. எல்லா முகத்தையும் பார்த்தேன், உங்கள் முகம் இல்லை. டீக்கடைக்காரர் சாவியை நீட்டி, "அவரு உங்களைத் தேடிப் போயிட்டாரேம்மா" என்றார். தபால் மூட்டைமேல் உட்கார்ந்து முதலில் அழுதேன். பிறகு சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. நர்ஸ் ஒருவர் வந்து நாடி பிடித்துப் பார்த்தார்.

நான் திரும்பி வர மாட்டேன். உங்களுக்காக மட்டும் வந்தேன் என்று நினைக்காதீர்கள். நம் தொழிற்சாலைக்காகக் கையெழுத்துப் போட்ட வேலை இது, மூன்று பெண்களுக்கும் இங்கே நான்தான் பொறுப்பு. அவர்கள் வாழ்கிறதை நானும் பார்க்க வேண்டும். வரைபலகையை இங்கே அனுப்பச் சொல்லி எழுதிவிட்டேன், நாற்பது பேர் விமானத்தை இங்கிருந்தே வரைவேன். தீவுக் கம்பெனி முதலாளியிடமும் பேசிவிட்டேன். உங்கள் வேலை அப்படியே இருக்கிறது. "அவரு போனதிலேருந்து ஒரு போல்ட்டும் ஒழுங்கா இல்லீங்க, சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்கிறார்.

இரண்டாவது கடைக்குட்டி வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள். அதில் ஏறுங்கள். அதுவரை நான் இந்த வாசலைத் தாண்ட மாட்டேன். நீங்களும் வேறு எதையும் யோசிக்காதீர்கள். நீங்கள் யோசித்தால் நானும் யோசிப்பேன், மறுபடி நடுவானத்தில் எதிரெதிராகப் போய்க்கொண்டிருப்போம்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். நான் உங்களுக்கு எழுதுகிற கடைசிக் கடிதமும் இதுதான். இனிமேல் எதுவானாலும் பக்கத்து அறையிலிருந்து சத்தம் போட்டே சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள்
ஸ்கேல்